ஊர்க் கடையில் எட்டு பத்து பாட்டில்தான்: எந்த போர்பன் வாங்கலாம்?

ஒஹாயோவில் ஒரு சின்ன ஊருக்கு வேலை மாறி வந்திருக்கிறீர்கள். பக்கத்தில் சரக்குக் கடை ஒன்றே ஒன்று. அங்கே போர்பன் (மக்காச்சோளத்தை முதன்மையாக வைத்து வடிக்கும் அமெரிக்க விஸ்கி) தட்டில் இருப்பவை என்று நீங்கள் எழுதியது: ஜிம் பீம் ஒயிட், ஜிம் பீம் ஹனி, எவன் வில்லியம்ஸ் கருப்பு லேபிள், வைல்ட் டர்க்கி 101, மேக்கர்ஸ் மார்க், புல்லிட், வுட்ஃபோர்ட் ரிசர்வ், நாப் க்ரீக், பிறகு கனமான கண்ணாடியில் மரமூடி போட்டு 55 டாலருக்கு ஒரு ‘ஸ்மால் பேட்ச்’. இதுவரை ஸ்காட்ச்தான் பழக்கம். எல்லோரும் பேசுகிற பஃபலோ ட்ரேஸ், பிளாண்டன்ஸ் எதுவும் அங்கே இல்லை. 40 டாலருக்குள் உருப்படியாக எது, இல்லை போர்பனுக்குப் பேர்போன பக்கத்து மாநிலம் கென்டக்கிக்கே காரை விடவா என்று கேட்கிறீர்கள். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மாமாவுக்கு எதை எடுத்துப்போவது என்பது துணைக் கேள்வி.

வைல்ட் டர்க்கி 101. 25 டாலர் சுமாருக்குக் கிடைக்கும், யோசிக்காமல் எடுங்கள். கென்டக்கி எல்லாம் வேண்டாம், அதாவது இந்த ஒரு பாட்டிலுக்காக வேண்டாம். உங்கள் கடை நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. அந்தப் பட்டியலில் இரண்டைத் தவிர எல்லாமே நியாயமான சரக்கு. போர்பனில் இது தற்செயல் இல்லை, அமெரிக்கச் சட்டம் செய்துவைத்த வேலை.

போர்பன் என்று லேபிளில் போட வேண்டுமானால் அது அமெரிக்காவில் செய்ததாக இருக்க வேண்டும். கென்டக்கியில்தான் என்று கட்டாயமில்லை. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். வடிக்கும்போது 80 சதவீத ஆல்கஹாலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தானியத்தின் ருசி போய் வெறும் சாராயமாகிவிடும். பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பீப்பாய் புதிதாக, உட்புறம் நெருப்பில் கருக்கிய ஓக்காக இருக்க வேண்டும். பாட்டிலில் குறைந்தது 40 சதவீதம். நிறத்துக்கு எதையும் கலக்கக் கூடாது. ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்க அனுமதி உண்டு, இங்கே இல்லை. ஆகவே நீங்கள் பார்க்கிற அந்தச் செம்பழுப்பு முழுவதும் மரத்திலிருந்து இறங்கியது. ஒரு முறை போர்பன் ஊறிய பீப்பாயை மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது என்பதால் அவை மூட்டை மூட்டையாக ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. பெங்களூரின் அம்ருத்தும் கோவாவின் பால் ஜானும்கூட அந்தப் பழைய பீப்பாய்களை வாங்குகின்றன. நீங்கள் குடித்த ஸ்காட்ச்சில் வந்த வெனிலா வாசனையில் பாதி இந்த மரம் போட்டது. இப்போது அதே மரத்தை முதல் ஊறலிலேயே குடிக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற சொல். இது விளம்பரச் சொல் இல்லை, சட்டச் சொல். ஸ்ட்ரெய்ட் என்றால் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்தது. 4 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் வயதை லேபிளில் போட்டே ஆக வேண்டும். இதைத் திருப்பிப் படித்தால் உங்களுக்கு ஒரு சாவி கிடைக்கிறது: ஸ்ட்ரெய்ட் என்று இருந்து, வயது எதுவும் போடவில்லையென்றால், உள்ளே இருப்பது 4 ஆண்டோ அதற்கு மேலோ. வயது போட்டிருந்தால் அது கலவையிலேயே இளைய சரக்கின் வயது.

இந்தச் சாவியோடு அந்த 55 டாலர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் மயங்காதீர்கள், திருப்புங்கள். இந்த மாதிரிப் பாட்டில்களின் பின்னால் பெரும்பாலும் ஒரு தாத்தா கதை இருக்கும். மதுவிலக்குக் காலம், குடும்ப ரகசியம், மலையடிவாரத்து ஊற்று. அதையும் தாண்டி, பார்கோடுக்குப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இரண்டு வரி தேடுங்கள். ஒன்று, ‘இத்தனை மாதம் ஊறியது’ என்ற வரி. 24 மாதம், 36 மாதம் என்று மாதக் கணக்கில் எழுதியிருந்தால் வருடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று பொருள். இன்னொன்று, எங்கே வடித்தது என்ற வரி. லேபிளில் முகவரி ஒரு மாநிலம், வடித்தது வேறு மாநிலம் என்றால் வடித்த மாநிலத்தைச் சொல்லியாக வேண்டும். பல பாட்டில்களில் அங்கே ‘இண்டியானா’ என்று வரும். இண்டியானாவின் லாரன்ஸ்பர்கில் எம்.ஜி.பி. என்ற நிறுவனத்தின் பெரிய ஆலை இருக்கிறது, ஒஹாயோ எல்லையை ஒட்டி. அவர்கள் வடிப்பது நல்ல விஸ்கிதான், பலர் வாங்கித் தங்கள் பெயர் ஒட்டி விற்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் 3 ஆண்டுச் சரக்குக்கு 55 டாலர் கொடுத்தால், அதில் பெரும்பங்கு கண்ணாடிக்கும் மரமூடிக்கும் போகிறது.

‘ஸ்மால் பேட்ச்’, அதாவது சிறு தொகுதி என்பதற்குச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. பத்துப் பீப்பாயும் ஸ்மால் பேட்ச், சில நூறு பீப்பாயும் ஸ்மால் பேட்ச். ‘கைவினை’, ‘ரிசர்வ்’, ‘பழைய முறை’ எல்லாம் அதே ரகம். இந்தச் சொற்கள் இருப்பதால் சரக்கு கெட்டது என்று அர்த்தமில்லை. நாப் க்ரீக்கிலும் ஸ்மால் பேட்ச் என்று இருக்கிறது, அது அருமையான சரக்கு. அந்தச் சொல்லுக்காகக் காசு கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அதற்கு நேரெதிராக, கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய சொல் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஸ்கி என்ற பெயரில் விற்றதில் பெரும்பகுதி நிறமும் வாசனையும் கலந்த வெறும் சாராயம். நல்ல சரக்கு வடித்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. கர்னல் ஈ.எச். டெய்லர் என்ற கென்டக்கி ஆலைக்காரரும், அப்போது நிதியமைச்சராக இருந்த ஜான் கார்லைலும் முன்னின்று 1897இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்திருக்க வேண்டும். அரசின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் 4 ஆண்டாவது ஊற வேண்டும். பாட்டிலில் சரியாக 50 சதவீதம், ஒரு சொட்டு கூடவும் கூடாது குறையவும் கூடாது. எந்த ஆலை என்பதற்கான எண்ணையும் லேபிளில் போட வேண்டும். இன்றைக்கும் இந்த நிபந்தனைகள் அமலில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இத்தனை நிபந்தனைக்கு உட்பட்ட சரக்குதான் பல கடைகளில் முழங்கால் உயரத் தட்டில் தூசி படிந்து நிற்கும். எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் 20 டாலர் சுமார். ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட் அதைவிடச் சற்றுக் கூட. உங்கள் கடையில் எவன் வில்லியம்ஸ் கருப்பு லேபிள் இருக்கிறது என்றால் வெள்ளையும் எங்காவது கீழே இருக்கக்கூடும். குனிந்து பாருங்கள். கருப்பு 43 சதவீதம், வெள்ளை 50. இரண்டும் ஹெவன் ஹில் ஆலைச் சரக்குதான். சில டாலர் வித்தியாசத்தில் வேறு உலகம்.

சதவீதத்தை ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன் என்று தோன்றலாம். அமெரிக்காவில் ‘ப்ரூஃப்’ என்று போடுவது சதவீதத்தின் இரட்டிப்பு. 101 ப்ரூஃப் என்றால் 50.5 சதவீதம். திக்கான டிகாக்‌ஷனில் பால் எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம், நீர்த்த டிகாக்‌ஷனைத் திக்காக்க முடியாது, விஸ்கியும் அப்படித்தான். ஆலையிலேயே தண்ணீர் விட்டு 40க்கு இறக்கிய சரக்கில் ஐஸ் போட்டதும் ருசி கரைந்து ஓடிவிடும். 101இல் 60 மில்லி ஊற்றி, ஒன்றரை டீஸ்பூன் தண்ணீர் விட்டால் 45 சதவீதம் சுமாருக்கு வரும். மூன்று டீஸ்பூன் விட்டால் 40. எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில். கணக்கையும் பாருங்கள்: 750 மில்லி 101ஐ 40 சதவீதத்துக்கு நீர்த்தால் கிட்டத்தட்ட 950 மில்லி வரும். விலை ஒப்பிடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒஹாயோவுக்கே உரிய ஒரு பொறியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சரக்கு விற்கும் உரிமம் இல்லாத மளிகைக் கடைகளில்கூட விஸ்கி, வோட்கா பெயரோடு பாட்டில்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். மலிவாகவும் இருக்கும். சதவீதத்தைப் பாருங்கள், 21 என்று இருக்கும். அந்த மாநிலத்தில் 21 சதவீதம் வரை உள்ளதை மளிகைக் கடை விற்கலாம் என்பதால் அதற்கென்றே தண்ணீர் சேர்த்து வருபவை அவை. புது ஊர்க்காரர்கள் பலர் முதல் வாரத்தில் இதை வாங்கிவந்து, ‘அமெரிக்கச் சரக்கில் ஏறவே மாட்டேங்குதே’ என்று புலம்புவார்கள்.

இப்போது வைல்ட் டர்க்கி 101க்கு ஏன் முதலிடம் என்பதற்கு வருகிறேன். கென்டக்கியிலும் ஒரு லாரன்ஸ்பர்க் இருக்கிறது, அங்கே வடிப்பது. ஜிம்மி ரஸல் என்பவர் 1954இல் அந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு மகன் எட்டியும் வந்தார். சட்டம் 62.5 சதவீதம் வரை பீப்பாயில் ஊற்ற அனுமதிக்கிறது என்றேன். இவர்கள் 57.5இல் ஊற்றுகிறார்கள். இதனால் பீப்பாய் கூடுதலாகத் தேவைப்படும், செலவு கூடும். ஆனால் பாட்டிலுக்கு வரும்போது சேர்க்கிற தண்ணீர் குறைவு. பீப்பாயில் இருந்தது பெரும்பாலும் அப்படியே உங்கள் கிளாஸுக்கு வருகிறது. பீப்பாயையும் முதலைத்தோல் மாதிரி வெடிக்கிற அளவுக்கு ஆழமாகக் கருக்குகிறார்கள். லேபிளில் வயது போடவில்லை. 6 முதல் 8 ஆண்டுச் சரக்குகளின் கலவை என்று ஆலை சொல்கிறது. குடித்தால் முதலில் வெல்லப்பாகு, பிறகு ரை என்ற தானியத்தின் மிளகுக் காரம், கடைசியில் தொண்டையில் ஒரு கருகல் இனிப்பு தங்கும். 50 டாலர் கேட்டாலும் நியாயம் என்று சொல்லக்கூடிய சரக்கு.

ரை என்பது குளிர்ப் பிரதேசத் தானியம். போர்பன்களின் குணபேதத்தில் பாதி, மக்காச்சோளத்துக்குத் துணையாக எதைப் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. பெரும்பாலோர் ரையும் மால்ட் செய்த பார்லியும் போடுவார்கள். புல்லிட்டில் ரை கால்பங்குக்கு மேல், அதனால் காரம் தூக்கலாக, இனிப்புக் குறைவாக இருக்கும். காக்டெயிலில் நன்றாக எடுபடும், தனியாகக் குடிக்க எனக்கு அது கொஞ்சம் ஒல்லியாகப்படுகிறது. மேக்கர்ஸ் மார்க்கில் ரையே இல்லை, கோதுமை. அதனால் காரம் அடங்கி, மெத்தென்று இறங்கும். சிவப்பு மெழுகு வழிந்த அந்தப் பாட்டிலைப் பலர் வெறும் ஸ்டைல் என்று ஒதுக்குவார்கள். ஒதுக்க வேண்டாம், ஸ்காட்ச்சிலிருந்து வருபவர்களுக்கு மிரட்டாத சரக்கு அதுதான்.

நாப் க்ரீக் 9 ஆண்டு, 50 சதவீதம். 40 டாலர் வரம்பைத் தொட்டு நிற்கும். வயதைக் கவனியுங்கள்: 2016இல் லேபிளிலிருந்து எடுத்தார்கள், 2020இல் திரும்பப் போட்டார்கள். மரம் தூக்கலாக இருக்கும், வறுத்த வேர்க்கடலை வாசனை வரும், அது ஜிம் பீம் ஆலைச் சரக்குகளின் அடையாளம். உங்கள் இரண்டாவது பாட்டில் இதுவாக இருக்கட்டும். வுட்ஃபோர்ட் 45.2 சதவீதம், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதே நிறுவனம் அதே தானிய விகிதத்தில் செய்யும் ஓல்ட் ஃபாரெஸ்டர் 100, மலிவாகவும் கெட்டியாகவும் கிடைக்கும்போது வுட்ஃபோர்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனசு வராது. ஜிம் பீம் ஒயிட் 4 ஆண்டு, 40 சதவீதம். கோலாவோடு கலக்க மட்டும். ஹனி வேண்டாம். தேன், ஆப்பிள், செர்ரி என்று வருவதெல்லாம் வாசனை சேர்த்தவை, போர்பன் கணக்கில் வராது. இதுவும் அந்த 55 டாலர் பாட்டிலும்தான் நான் சொன்ன இரண்டு விதிவிலக்கு.

பக்கத்திலேயே ஜாக் டேனியல்ஸும் இருக்கும். அது டென்னஸி விஸ்கி, மேப்பிள் கரியில் வடிகட்டுவது. அதை போர்பன் என்று சொல்லலாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. இந்தக் காசுக்கு 101 மேல்.

பஃபலோ ட்ரேஸ், பிளாண்டன்ஸ் மோகம் பற்றி. ஒஹாயோவில் சரக்கு அரசினுடையது, உங்கள் கடை கமிஷனுக்கு விற்கும் முகவர் மட்டுமே. நம் டாஸ்மாக்குக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை மாநிலம் முழுக்க ஒன்று. தேவை எவ்வளவு ஏறினாலும் கடைக்காரர் விலை ஏற்ற முடியாது. ஆகவே பஃபலோ ட்ரேஸ் பல சமயம் வந்த வேகத்தில் காலியாகும், எடுத்தவர்களில் சிலர் வெளியே இரட்டிப்புக்கு விற்கப் பார்ப்பார்கள். அரசு விலைக்கு உங்கள் முன்னால் நின்றால் எடுங்கள், நல்ல சரக்கு, 45 சதவீதம். கள்ளவிலைக்கு 60, 70 என்று கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். பிளாண்டன்ஸ் 1984இல் வந்த சிங்கிள் பேரல், அதாவது பல பீப்பாய்களைக் கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து பாட்டிலில் அடைத்தது. மூடியில் எட்டு விதமாகக் குதிரைக்காரன் நிற்பான், அவற்றைச் சேகரிக்கவே ஒரு கூட்டம் அலைகிறது. குதிரை வேண்டுமானால் அதை வாங்குங்கள். சிங்கிள் பேரல்தான் வேண்டுமென்றால் ஃபோர் ரோஸஸ் சிங்கிள் பேரல் 50 சதவீதம், அலையாமல் கிடைக்கும்.

அது உங்கள் கடையில் இல்லையே என்றால், மாநில மதுத் துறையின் ஓ.எச்.எல்.க்யூ. தளத்தில் பாட்டில் பெயரைத் தட்டினால் எந்தக் கடையில் இருக்கிறது என்று காட்டும். அடுத்த முறை கொலம்பஸோ கிளீவ்லாந்தோ மளிகைச் சாமானுக்குப் போகும்போது ஒரு நடை எட்டிப்பார்க்கலாம். உள்ளூர்க் கடைக்காரரிடம் அடுத்த ஆர்டரில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதும் தப்பில்லை. தினசரிச் சரக்கென்றால் பெரும்பாலும் தருவித்துக் கொடுப்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் 50 மில்லி குட்டி பாட்டில்களும் இருக்கும், ஒவ்வொன்றும் சில டாலர்தான். மேக்கர்ஸ், புல்லிட், வுட்ஃபோர்ட் மூன்றும் அந்த அளவில் வருகின்றன. ஒரு வெள்ளிக்கிழமை மூன்றையும் வரிசையாக வைத்துக் குடித்துப் பார்த்தால், கோதுமையா ரையா உங்களுக்கு என்பது தெரிந்துபோகும்.

குடிக்கும் முறையில் ஒரே எச்சரிக்கை. 101ஐத் திறந்தவுடன் ஸ்காட்ச் மாதிரி மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள், எரிந்துவிடும். ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், வாயைச் சற்றுத் திறந்துகொண்டு மோந்து பாருங்கள். முதல் மிடறு ராவாக, நாக்கு பழகுவதற்கு மட்டும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாவதிலிருந்து ருசி தெரியும். சைடு டிஷ்ஷாக மிளகாய்ப்பொடி தூவிய எதுவும் வேண்டாம். மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டும். காரச்சேவோடு 50 சதவீதம் சேர்ந்தால் வாயில் நெருப்புதான், வெனிலாவும் தெரியாது வெல்லமும் தெரியாது. உப்பு முந்திரி, சீஸ், கறுப்புச் சாக்லேட் சரியாகப் பொருந்தும். பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்தால் கார்க் ஊறிக் கெடும். பாதிக்குக் கீழே போன பாட்டிலை வருஷக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்க வேண்டாம். கெட்டுப்போகாது, மணம் மங்கும்.

மாமாவுக்கு மேக்கர்ஸ் மார்க். அவர் ஸ்காட்ச்காரர் என்றால் மிரளமாட்டார், மெழுகு வழிந்த பாட்டில் கையில் கொடுக்கவும் எடுப்பாக இருக்கும். வீட்டில் ராவாக அடிக்கிற ஆள் என்றால் நாப் க்ரீக். இந்தியாவுக்குள் ஒருவருக்கு 2 லிட்டர் வரை சுங்கமில்லை, ஆக 750 மில்லி இரண்டு தாராளமாகக் கொண்டுபோகலாம். 2025 பிப்ரவரியில் இந்தியா போர்பன் மீதான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 ஆகக் குறைத்தது என்றாலும், அங்கே கடை விலைக்கு நீங்கள் இங்கிருந்து எடுத்துப்போவதே லாபம். பாட்டிலைப் பிரிக்காமல் துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் போடுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டாத சரக்கு என்பதால் இந்த இரண்டையும் விமானத்தில் பெட்டியில் ஏற்றலாம். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், வழியில் தோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறும்போது கைப்பையில் இருக்கிற சரக்குக்கு மறுபடி சோதனை வரும். சீல் வைத்த பையைப் பிரித்திருந்தால் அங்கேயே பறிகொடுக்க வேண்டியதுதான்.